நட்ட முடி உதிர்வது ஏன்? விளம்பரங்கள் காட்டாத மாதங்கள்

முடி நடும் நிலையங்களின் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளிதழிலும், பேருந்தின் பின்புறத்திலும், கைபேசித் திரையிலும் அவை ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் வருகின்றன. இடப்பக்கம் ஒரு வழுக்கைத் தலை. அதன் அடியில் 'முன்' என்று எழுதியிருக்கும். வலப்பக்கம் அதே தலை, அடர்ந்த கருமுடியுடன். அதன் அடியில் 'பின்' என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. கீழே, 'நட்ட முடி உதிராது. வாழ்நாள் முழுவதும் நிலைக்கும்' என்பது போன்ற ஒரு வாக்கியம்.

நூல்களையும் நாடகங்களையும் நாம் திறனாய்வு செய்கிறோம். விளம்பரங்களை அவ்வாறு செய்வதில்லை. ஆனால் ஒரு நூலைப் படிப்பவர்களைவிட ஒரு விளம்பரத்தைப் படிப்பவர்கள் பன்மடங்கு மிகுதி. அதைப் படித்துவிட்டுக் கடன் வாங்கியேனும் பணம் கட்டுகிறவர்களும் பலர். ஆகவே இந்த இரட்டைப் படத்தையும் அதன் அடியிலுள்ள வாக்கியத்தையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒளி, அளவீடு, வரைபடம் ஆகிய மூன்றும் இந்தப் படங்களில் இருக்கின்றன. அவை மூன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பொருள்களே.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். முடி நடும் சிகிச்சை பொய்யன்று. தகுதியான மருத்துவர் தக்கவருக்குச் செய்தால் அது பலன் தருகிறது. விளம்பரத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சிறிய அம்புக்குறிக்குள் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் மறைந்திருக்கிறது. அதன் முதற்பகுதியில், நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்து போகின்றன. இது எதிர்பார்க்க வேண்டிய, இயல்பான ஒரு கட்டம். இதனை விளம்பரம் சொல்லாமல் விடுவதால் எத்தனையோ பேர் வீண் அச்சத்திற்கும் வீண் செலவுக்கும் ஆளாகின்றனர்.

'முடி' என்னும் ஒரு சொல், இரண்டு பொருள்

'நட்ட முடி உதிராது' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'முடி' என்பது எதைக் குறிக்கிறது?

நாம் சீப்பால் வாரும் முடி உயிரற்ற பொருள். அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன ஓர் இழை. அந்த இழையை உண்டாக்கும் தொழிற்சாலை தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மயிர்க்கால் என்று பெயர். இழை விழுந்தாலும் மயிர்க்கால் இருக்கும் வரை புதிய இழை முளைக்கும்.

மயிர்க்கால் ஓயாமல் உழைப்பதில்லை. அது 2 முதல் 6 ஆண்டுகள் வரை இழையை வளர்க்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் சுருங்குகிறது. அதன்பின் சுமார் 3 மாதங்கள் ஓய்வெடுக்கிறது. ஓய்வு முடியும்போது பழைய இழை உதிர்ந்து புதிய இழை புறப்படுகிறது. தலையில் சுமார் 1,00,000 முடிகள் உள்ள ஒருவருக்கு நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. மயிர்க்கால்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் ஓய்வெடுப்பதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது அந்த வாக்கியத்திற்கு வருவோம். 'முடி' என்பது மயிர்க்காலைக் குறிக்குமானால் அது பெரும்பாலும் உண்மை. பிடரியிலும் காதுகளுக்கு மேலேயும் உள்ள மயிர்க்கால்கள், உச்சந்தலையில் வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோன் விளைவுக்கு எளிதில் ஆட்படுவதில்லை. அவற்றைப் பெயர்த்து உச்சியில் நட்டாலும் தம் பழைய குணத்தையே காட்டுகின்றன. ஜப்பானில் ஒக்குடா என்னும் மருத்துவர் முடியுள்ள தோலின் சிறு வட்டங்களை இடம் மாற்றி நடும் முறையை 1939-ஆம் ஆண்டில் வெளியிட்டார். போர்க்காலமாதலால் மேலை நாடுகள் அதனை அறியவில்லை. நியூயார்க் நகரத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-இல் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எடுத்த இடத்தின் குணமே நட்ட இடத்திலும் நிலைக்கும் என்பது அவர் காட்டிய உண்மை. முடி நடும் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது.

ஆனால் 'முடி' என்பது இழையைக் குறிக்குமானால் அந்த வாக்கியம் தவறு. நட்ட மயிர்க்காலோடு வந்த இழை பெரும்பாலும் உதிரவே செய்யும். விளம்பரம் எழுதுகிறவர் முதற்பொருளில் எழுதுகிறார். படிக்கிறவர் இரண்டாம் பொருளில் புரிந்துகொள்கிறார். இயற்பியலில் நிறை, எடை என்னும் இரண்டையும் குழப்பும் மாணவனுக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்போம். இந்தக் குழப்பத்திற்கோ விலை கொடுப்பவர் படிப்பவரே.

உதிர்வதன் காரணம்

ஒன்று முதல் நான்கு இழைகள் வரை சேர்ந்து முளைக்கும் சிறு தோல் துணுக்குகளாகவே இன்று முடி நடப்படுகிறது. நிலையங்களில் இதனைக் 'கிராஃப்ட்' என்பார்கள். நாம் இங்கே 'நாற்று' என்றே சொல்வோம்.

பிடரியிலிருந்து எடுத்த கணத்திலேயே நாற்றின் குருதியோட்டம் அறுந்துவிடுகிறது. நட்டவுடன் அது புதிய இடத்தின் குருதிக் குழாய்களோடு இணைந்துவிடுவதில்லை. முதல் இரண்டொரு நாள் சுற்றிலும் கசியும் நிணநீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகு சிறுகச் சிறுக நுண்குழாய்கள் வளர்ந்து இணைகின்றன. இந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் சாவதில்லை. இழை வளர்க்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போகிறது. ஓய்வுக்குப் போன மயிர்க்கால் தன் இழையைக் கைவிடுகிறது. 2 முதல் 6 வாரங்களுக்குள் நட்ட இழைகளில் பெரும்பாலானவை விழுந்துவிடுவது இதனால்தான்.

மயிர்க்கால்கள் அதிர்ச்சியால் ஓய்வுக்குச் செல்வது முடி நடுவோருக்கு மட்டும் உரியதன்று. கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், மகப்பேற்றுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொட்டுவதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-இல் இதனைத் தெளிவாக விளக்கினார். அங்கே தலை முழுவதும் நிகழ்வது இங்கே நட்ட பகுதியில் நிகழ்கிறது. நடும்போது அருகிலிருந்த பழைய முடிகளும் சில வேளைகளில் அதிர்ச்சிக்கு ஆளாகி உதிர்வதுண்டு. அவற்றில் வலுவானவை திரும்ப முளைக்கும். முன்பே மெலிந்து முடிவை நெருங்கியிருந்தவை சில, திரும்பாமலும் போகலாம்.

நெல் நடவைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட பயிர் சில நாள்கள் வெளிறித் துவண்டு நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். அதற்காக எந்த உழவரும் மறுநாளே வயலை உழுதுவிடுவதில்லை. ஆனால் இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. நெல்லுக்குச் சில நாள்கள்; மயிர்க்காலுக்குச் சில மாதங்கள். நெற்பயிரின் தாள் அப்படியே நிற்கும்; முடியின் இழையோ முற்றிலும் விழுந்துவிடும். முடி நடுவதை நடவோடு ஒப்பிடும் விளம்பரக்காரர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும்

ஒரு வரைதாளில் கிடை அச்சில் மாதங்களையும், நிலை அச்சில் கண்ணுக்குத் தெரியும் முடியின் அளவையும் குறியுங்கள். நட்டவுடன் கோடு சற்று உயர்கிறது. 2-ஆம் வாரத்திலிருந்து இறங்குகிறது. 2-ஆம், 3-ஆம் மாதங்களில் பள்ளத்தில் கிடக்கிறது. பழைய முடியும் உதிர்ந்திருந்தால் சிகிச்சைக்கு முந்தைய நிலையைவிடத் தாழ்ந்தும் இருக்கக்கூடும். 3 அல்லது 4-ஆம் மாதத்தில் மெல்லிய, சில வேளை சுருண்ட, இழைகள் முளைக்கத் தொடங்குகின்றன. 6-ஆம் மாதத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 12-ஆம் மாதத்தை ஒட்டி ஏறக்குறைய முழுப் பலன் கிட்டுகிறது. உச்சிச் சுழிப் பகுதிக்கு 18 மாதங்கள் வரை ஆவதுண்டு.

விளம்பரம் இந்தக் கோட்டின் இரண்டு முனைகளை மட்டும் காட்டுகிறது. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் படிப்பவர் மனம் தானாகவே அவற்றுக்கிடையே ஒரு நேர்கோட்டை வரைந்துகொள்ளும். நாளுக்கு நாள் முடி கூடிக்கொண்டே போகும் என்று அவர் நம்புகிறார். இரண்டாம் மாதத்தில் கோடு எதிர்த்திசையில் போகும்போது, தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுகிறார். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருக்கும் வேளையில்தான் இந்த ஏமாற்ற உணர்வு வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

என்னிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர், திருமணத்திற்கு மூன்று மாதம் முன்னதாக முடி நட்டுக்கொண்டார். விளம்பரத்தின் 'பின்' படம் மூன்று மாதத்தில் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஐந்தாவது வாரத்தில், உதிர்ந்த முடிகளை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். "சார், கடன் வாங்கிப் போட்ட பணம் போச்சா?" என்று கேட்டார். அதற்குள் விலை உயர்ந்த எண்ணெய்ப் புட்டிகள் இரண்டு வாங்கியிருந்தார். இரவில் உறக்கமில்லை, பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை வேறு. தலையில் புண்ணோ சீழோ இல்லை. சிகிச்சை செய்த மருத்துவரிடமே போய்க் காட்டச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார். திருமணம் குறித்த நாளில் நடந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு மணவறையில் அமர்ந்தார். புதிய முடி அதற்குப் பிறகுதான் முளைத்தது. இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், சிகிச்சையை ஓராண்டு முன்னரோ திருமணத்திற்குப் பின்னரோ வைத்துக்கொண்டிருப்பார்.

புட்டி எண்ணெயின் புகழ்

அந்த இரண்டு புட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சமுற்றவர் இரண்டாம் மாதத்தில் ஓர் எண்ணெயை வாங்கித் தடவுகிறார். நான்காம் மாதத்தில் முடி முளைக்கிறது. புகழ் எண்ணெய்க்குப் போகிறது. 'இதைத் தடவினேன், முளைத்தது' என்று அவர் உண்மையாகவே நம்பி, நண்பர்களுக்கும் சொல்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

அறிவியலில் இதற்கு ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். ஒரே நாளில் முடி நட்டுக்கொண்டவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் எண்ணெய் கொடுத்து, இரு குழுக்களின் முடியையும் யார் எந்தக் குழு என்று அறியாதவர் எண்ண வேண்டும். தானாகவே திரும்பி வரும் ஒன்றிற்கு எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாம். சோதனை ஒன்றே அந்த உரிமையை நிலைநாட்டவோ மறுக்கவோ முடியும். மருத்துவர் எழுதித் தரும் மினாக்சிடில் போன்ற மருந்துகள் வழுக்கைக்கு இத்தகைய சோதனைகளில் தேறியவை. ஆனால் அவற்றையும் அவர் சொல்லும் நாளில்தான் தொடங்க வேண்டும். மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி சற்று மிகுதியாக உதிர்வதுண்டு என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

படத்திலுள்ள இயற்பியல்

இனி, அந்த இரு படங்களையும் அளவீடு என்ற முறையில் பார்ப்போம். ஓர் அளவீட்டில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். முன் படத்திலும் பின் படத்திலும் அவ்வாறு இருக்கிறதா?

முதலில் ஒளி. விளக்கு தலைக்கு நேர்மேலே இருந்தால் ஒளி முடிகளின் இடையே புகுந்து, எண்ணெய்ப் பசையுள்ள தோலில் பட்டுக் கண்ணாடியில் படுவது போல எதிரொளிக்கும், வழுக்கை பளபளக்கும். விளக்கு முன்புறமிருந்து பரவலாக வந்தால் தோலின் மினுமினுப்பு தெரியாது. நடாமலே, விளக்கை நகர்த்தியே முடியைக் 'கூட்டிவிடலாம்'.

இரண்டாவது ஈரம். நனைந்த முடிகள் நீரின் பரப்பு இழுவிசையால் கற்றைகளாக ஒட்டிக்கொள்ளும். இடைவெளிகள் பெரிதாகித் தோல் தெரியும். உலர்த்தி வாரினால் அதே முடிகள் பரவி மூடிக்கொள்ளும்.

மூன்றாவது நீளம். இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒரு சதுர செ.மீ. தோலில் 40 முடிகள் இருப்பதாகவும், ஒரு முடியின் தடிமன் 70 மைக்ரான், அதாவது 0.007 செ.மீ. என்றும் கொள்வோம். முடிகள் 1 செ.மீ. நீளமிருந்து தோலின் மேல் படிந்திருந்தால் அவை மறைக்கும் பரப்பு 40 × 0.007 × 1 = 0.28 சதுர செ.மீ. அதாவது தோலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதே 40 முடிகள் 5 செ.மீ. வளர்ந்தால் 1.4 சதுர செ.மீ. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தாலும் தோல் பெரும்பாலும் மறைந்துவிடும். முடியின் எண்ணிக்கை மாறவில்லை; தோற்றம் மாறிவிட்டது.

இந்தக் கணக்கு விளம்பரத்தை மதிப்பிட மட்டுமன்றி, பொறுத்திருப்பவருக்கு ஆறுதலாகவும் பயன்படும். முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. மேற்சொன்ன கணக்கின்படி 1 சதுர செ.மீ. பரப்பை மூட ஏறக்குறைய 3.6 செ.மீ. நீளம் தேவை. 4-ஆம் மாதத்தில் முளைத்த முடி அந்த நீளத்தை எட்ட 7 அல்லது 8-ஆம் மாதம் ஆகிவிடும். தொடக்கத்தில் இழை மெலிதாக இருப்பதால் இன்னும் சற்று நாள் ஆகும். ஆகவே 5-ஆம் மாதத்தில் தோல் தெரிகிறதே என்று கலங்குவதற்கு இடமில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஆற்றல் அழிவின்மை விதியைப் போல இங்கும் ஒரு விதி உண்டு. முடி நடுவதால் புதிய மயிர்க்கால் ஒன்றுகூட உண்டாவதில்லை. பிடரியில் இருந்தது உச்சிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. படத்தில் உச்சி மட்டும் காட்டப்பட்டால் பிடரியின் படத்தையும் கேளுங்கள்.

பொறுத்திருப்பவருக்குச் சில சொற்கள்

முடி நட்டுக்கொண்டு உதிரும் கட்டத்தில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்வது இது. நாள்தோறும் கண்ணாடி முன் நின்று எண்ணாதீர்கள். நாள்தோறும் அளக்கத் தக்க மாற்றம் அதில் இல்லை. மாதம் ஒரு முறை, ஒரே அறையில், ஒரே விளக்கில், ஒரே தொலைவில், உலர்ந்த தலையைப் படம் எடுத்துத் தேதி குறித்து வையுங்கள். அதுவே உங்கள் வரைபடம்.

விழுந்த முடியின் அடியில் சிறு வெண்குமிழ் இருந்தால் 'வேரோடு போய்விட்டது' என்று அஞ்ச வேண்டாம். ஓய்வுக்குப் போன எந்த முடியின் அடியும் அப்படித்தான் இருக்கும். மயிர்க்கால் தோலுக்குள் இருக்கிறது. நாற்றே பெயர்ந்து வருவது முதல் சில நாள்களில், சொறிந்தாலோ இடித்துக்கொண்டாலோ நேரலாம். அப்போது பெரும்பாலும் இரத்தம் கசியும். சுமார் 10 நாள்களில் நாற்று நன்கு பிடித்துக்கொள்ளும். அதுவரை பொருக்கைப் பிய்க்காமல், மருத்துவர் சொன்னபடி மட்டும் தலையைக் கழுவுங்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரத்தக் கசிவு நிற்காவிட்டால், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் மிகும் வலி இவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். 7, 8 மாதங்களாகியும் ஒரு முளைப்பும் இல்லையென்றால் அப்போதும் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'இயல்பான உதிர்வுதான்' என்னும் விடை, தோற்றுப்போன சிகிச்சைக்குப் போர்வையாகிவிடக் கூடாது.

'இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் வருகிறவர்கள் பயந்து போய்விடுவார்களே' என்று நிலையத்தார் சொல்லக்கூடும். முன்பே அறிந்தவர் உதிரும்போது பயப்படுவதில்லை, அறியாதவரே பயப்படுகிறார். பயந்து விலகுகிறவர் எவரேனும் இருந்தால், அவர் தெரிந்தே எடுத்த முடிவு அது. அதை மறைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இது அழகுக்காகச் செய்வதாயினும் அறுவைச் சிகிச்சையே. உரிய அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும் என்றும், காணொளிகளையும் செயல்விளக்கங்களையும் பார்த்துப் பெற்ற பயிற்சி போதாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். 'என் தலையில் கத்தி வைப்பவர் யார்? அவர் படித்தது என்ன?' என்பது முதற்கேள்வி. 'இதே ஆளின் 1-ஆம், 2-ஆம், 3-ஆம், 6-ஆம் மாதப் படங்களைக் காட்டுங்கள்' என்பது இரண்டாவது. அந்த நடுப்படங்களைத் தயங்காமல் எடுத்துக் காட்டும் மருத்துவரிடம் நம்பிக்கையோடு பேசலாம். இரண்டு படங்களையும் ஓர் அம்புக்குறியையும் மட்டுமே காட்டுபவரிடம், மேலும் கேள்விகள் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்டுங்கள்.